வளையம் பிறக்கும் வழி: பால்டுவின் விதிகளும் அவற்றைத் தமிழிற் கூறும் முறையும்

தோற்றுவாய்

கார்பன் அணுவை நிலைக்களனாகக் கொண்ட பொருள்களை ஆராய்வது கரிம வேதியியல். அப்பொருள்களுள் ஒரு பெரும்பகுதி வளைய வடிவின. கற்பூரம், பென்சிலின், புனுகின் மணப்பொருள் ஆகிய யாவும் அணுக்கள் ஒன்றையொன்று பற்றி வட்டமாக நிற்பதால் அமைந்தவை. நீண்டு கிடக்கும் ஓர் அணுத்தொடர், தன் முனையை வளைத்துத் தன் உடலிலேயே மற்றோரிடத்தைப் பற்றிக்கொள்ளுமாயின் வளையம் பிறக்கும். பற்றுதற்குரிய இடங்கள் இரண்டு இருப்பின் எதனைப் பற்றும்? பற்ற இயலும் எனத் தாளில் வரைந்து காட்டக்கூடிய வினைகளுள் எது உண்மையில் நிகழும்? இவ்வினாக்களை 1976-இல் ஜாக் பால்டுவின் என்னும் ஆங்கிலேய வேதியியலறிஞர் எடுத்துக்கொண்டு, மூன்று பக்க அளவினதாகிய ஒரு சிறு கட்டுரையில் விடை வகுத்தார். அவ்விடையே ‘பால்டுவின் விதிகள்’ என இன்று வழங்கும்.

இலக்கிய ஆராய்ச்சிக்குரிய இவ்விதழில் இப்பொருளை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அறிவியல் நூல்களைத் தமிழில் ஆக்கும் பணியில் சொல்லைத் தேர்ந்து கொடுக்கும் பொறுப்பு தமிழ்த்துறையினரையும் சார்ந்தது. ஒரு விதியைத் தமிழாக்குங்கால் அதன் பொருளை மட்டுமன்றி, அது எத்துணை வலிமையோடு கூறப்பட்டது என்பதனையும் காத்தல் வேண்டும். ‘பெரும்பாலும் நிகழாது’ என்று மூலத்தில் உள்ளதனை ‘நிகழாது’ என்று பெயர்ப்பின், சொல் ஒன்றே குறைந்தது. ஆயினும் விதியே வேறாகிவிடும். பால்டுவின் விதிகள் இவ்வகைப் பிழைக்கு எளிதில் இடந்தருவன. ஆதலின், முதற்கண் அவ்விதிகள் கூறுவது யாது என்பதனையும், பின்னர் அவற்றை எச்சொற்களாற் கூறுதல் தகும் என்பதனையும் ஈண்டு ஆராய்வோம்.

1. இறுக்கக் கொள்கையும் அதன் எல்லையும்

வளையங்களைப் பற்றிய முதற் பெருங்கொள்கை 1885-இல் ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் ஃபான் பேயர் வகுத்தது. கார்பன் அணுவின் நான்கு பிணைப்புகளும் இயல்பாக 109 பாகை 28 கலை அளவில் விலகி நிற்பன. மூன்று அணுக்கள் வளையமாயின் அக்கோணம் 60 பாகையாகவும், நான்காயின் 90 பாகையாகவும் குறுகுதல் வேண்டும். அதனால் இறுக்கம் தோன்றும். இறுக்கம் மிகுந்த வளையம் நிலைபேறு குன்றும். ஐந்தணு வளையத்தில் கோணம் 108 பாகை. ஆதலின் அஃது ஏறக்குறைய இறுக்கமற்றது. இஃது அவர் கண்ட முடிபு.

இக்கொள்கை சிறு வளையங்களுக்குப் பொருந்திற்று. ஆயின் வளையங்கள் யாவும் தட்டையானவை என்று பேயர் கொண்டமையால், ஆறும் அதற்கு மேற்பட்டனவுமாகிய வளையங்களிலும் இறுக்கம் உண்டு என்று கூற நேர்ந்தது. ஆறணு வளையம் தட்டையாக இராது, மேலும் கீழும் மடிந்து இறுக்கமின்றி நிற்கவல்லது என்பதனை 1890-இல் ஹெர்மன் சாக்சே எடுத்துக்காட்டினார். 1926-இல் லியோபோல்டு ருசிக்கா, புனுகின் மணப்பொருளாகிய சிவெட்டோன் 17 அணு வளையம் உடையது என்பதனையும், கஸ்தூரியின் மணப்பொருளாகிய மஸ்கோன் 15 அணு வளையம் உடையது என்பதனையும் நிறுவினார். நிலைபெறுதல் அரிது எனக் கருதப்பட்ட பெருவளையங்கள், நெடுங்காலமாக மக்கள் பூசிவந்த மணப்பொருள்களிலேயே இருந்தன.

இறுக்கக் கொள்கை விடை கூறுவது, பிறந்த வளையம் எத்துணை நிலையானது என்னும் வினாவிற்கே. வளையம் எவ்வழியாற் பிறந்தது என்பது வேறு வினா. ஊர் நல்லதாயினும் அவ்வூருக்குச் செல்லும் வழி அடைபட்டிருக்கலாம். பால்டுவின் விதிகள் வழியைப் பற்றியன. ஊரைப் பற்றியன அல்ல. இவ்வேறுபாட்டினை மனங்கொள்ளாதார்க்கு அவ்விதிகள் விளங்கா.

2. மூவகைப் பாகுபாடு

வளையமாகும் வினை ஒவ்வொன்றையும் மூன்று கூறுகளாற் பெயரிட்டு வழங்குதல் பால்டுவின் கொண்ட முறை.

முதற்கூறு, பிறக்கும் வளையத்தில் அமையும் அணுக்களின் எண். அது 3 முதல் 7 வரை கொள்ளப்பட்டது.

இரண்டாங்கூறு, வினையில் முறியும் பிணைப்பு நிற்கும் இடம். தொடரின் முனையிலுள்ள அணு மற்றோர் அணுவைத் தாக்கிப் புதிய பிணைப்பினை ஆக்குங்கால், தாக்குண்ட அணுவின் பழைய பிணைப்பு ஒன்று முறிதல் வேண்டும். அல்லது இரட்டைப் பிணைப்பு, முப்பிணைப்பு ஆகியவற்றுள் ஓர் இழை அவிழ்தல் வேண்டும். அவ்வாறு முறியும் பிணைப்பு புதிய வளையத்திற்குப் புறத்தே நிற்பின் அதனை ‘எக்ஸோ’ என்பர். வளையத்தின் அகத்தே, அதன் ஓர் உறுப்பாக நிற்பின் ‘எண்டோ’ என்பர்.

மூன்றாங்கூறு, தாக்குண்ட கார்பனின் வடிவம். அது நான்கு திசைகளிற் பிணைப்புடைய நான்முகியாயின் ‘டெட்’. இரட்டைப் பிணைப்பில் நிற்கும் கார்பன் போல மூன்று திசைகளிற் பிணைப்புடையதாயின் ‘டிரிக்’. முப்பிணைப்பில் நிற்கும் கார்பன் போல இரண்டு திசைகளில் நேர்க்கோடாக நிற்பதாயின் ‘டிக்’.

இம்மூன்றும் சேர்ந்து ‘5-எக்ஸோ-டிரிக்’ என்றாற்போல ஒரு பெயர் பிறக்கும். ஐந்தணு வளையம், முறியும் பிணைப்பு புறத்தது, தாக்குண்ட அணு மூன்று திசையினது என்பது அதன் பொருள். எண்ணும் இடமும் வடிவும் கூறிய அளவில் ஒரு வினை முழுதும் அடையாளப்படுதல் இம்முறையின் சிறப்பு.

3. அணுகு கோணம்

விதிகளுக்கு அடிப்படையாகிய கருத்து ஒன்றே. தாக்கும் அணு எத்திசையிலிருந்தும் வந்து பற்ற இயலாது. இலக்காகிய அணுவின் எலெக்ட்ரான் பரப்பு எத்திசையில் திறந்துள்ளதோ அத்திசையிலேயே அணுகுதல் வேண்டும்.

நான்முகிக் கார்பனாயின், நீங்கும் தொகுதிக்கு நேர் எதிராக, 180 பாகையில், பின்புறத்திலிருந்து அணுகல் வேண்டும். இரட்டைப் பிணைப்புக் கார்பனாயின், அப்பிணைப்பின் தளத்திற்கு மேலிருந்தோ கீழிருந்தோ, பிணைப்பிற்கு ஏறக்குறைய 109 பாகை சாய்வில் அணுகல் வேண்டும். ஹான்ஸ்-பீட் பூர்கியும் ஜாக் டூனிட்சும் படிகங்களை எக்ஸ்கதிர் கொண்டு ஆராய்ந்து, கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பினை நைட்ரஜன் அணு அணுகும் கோணம் ஏறக்குறைய 107 பாகை என்று 1973-இல் வெளியிட்டிருந்தனர். நேராக மேலிருந்து 90 பாகையில் இறங்காது, சற்றே பின்சாய்ந்து வருதல் அணுக்களின் இயல்பு என்பது அதனால் உறுதிப்பட்டது.

தனித்தனி மூலக்கூறுகள் இரண்டு தம்முள் வினைபுரியுங்கால் இக்கோணம் தடையாகாது. எப்பக்கமும் திரும்பி வர அவற்றிற்கு இடம் உண்டு. தாக்கும் அணுவும் தாக்குண்ணும் அணுவும் ஒரே தொடரின் இரு பகுதிகளாயின் நிலைமை வேறு. முளையில் குறுங்கயிற்றாற் கட்டிய கன்றுக்குப் புல் அருகே இருப்பினும், கயிறு விடும் பக்கத்துப் புல்லையே அது மேய இயலும். அணுத்தொடரும் அத்தகைய கயிறே. கயிற்றின் நீளமும், அது கட்டப்பட்ட இடமும் வேண்டிய கோணத்தில் அணுக விடுமாயின் வினை எளிதில் நிகழும், விடாதாயின் அரிதாகும்.

4. விதிகள்

மேற்கூறிய அடிப்படையில் 1976-ஆம் ஆண்டு வகுக்கப்பெற்ற விதிகளைத் தொகுத்துக் கூறின் பின்வருமாறு அமையும்.

அ) நான்முகி இலக்கு: 3 முதல் 7 வரையுள்ள எக்ஸோ வினைகள் யாவும் உகந்தன. 5, 6 ஆகிய எண்டோ வினைகள் உகவாதன.

ஆ) மூன்று திசை இலக்கு: 3 முதல் 7 வரையுள்ள எக்ஸோ வினைகள் யாவும் உகந்தன. எண்டோ வினைகளுள் 3, 4, 5 உகவாதன. 6, 7 உகந்தன.

இ) இரண்டு திசை இலக்கு: எக்ஸோ வினைகளுள் 3, 4 உகவாதன, 5, 6, 7 உகந்தன. 3 முதல் 7 வரையுள்ள எண்டோ வினைகள் யாவும் உகந்தன.

இவற்றுள் பெரிதும் எடுத்தாளப்படுவது 5-எண்டோ-டிரிக் பற்றிய விதி. அதற்குரிய காரணத்தை நோக்குவோம். எண்டோ வினையில், கயிறு இரட்டைப் பிணைப்பின் ஒரு முனையிற் கட்டப்பட்டிருக்க, தாக்க வேண்டிய இடம் அப்பிணைப்பின் மறுமுனையாகும். கட்டப்பட்ட இடத்தை அடுத்த அணு இரட்டைப் பிணைப்பின் தளத்திலேயே கிடத்தல் வேண்டும். அங்கிருந்து இரண்டே அணுக்களைக் கொண்டு மறுமுனையின் மேற்புறத்தை எட்ட வேண்டும் எனின் தொடர் போதாது. வலிந்து எட்டினும் தளத்தின் பக்கவாட்டிலே வந்து நிற்குமன்றி மேலிருந்து இறங்காது. ஓர் அணு கூடி ஆறாகுமாயின் எட்டிவிடும். ஆதலின் 5 உகவாததாகவும் 6 உகந்ததாகவும் வகுக்கப்பட்டன.

5. சான்றுகள்

விதியின் உண்மையைப் புலப்படுத்தப் பால்டுவினும் அவர்தம் மாணாக்கரும் அதே ஆண்டில் காட்டிய ஒரு சான்று சிறப்புடையது. ஒரு மூலக்கூறின் முனையில் அமீன் என்னும் நைட்ரஜன் தொகுதி உள்ளது. அதனை அடுத்து இரண்டு கார்பன்கள். மூன்றாவது கார்பன் இரு கிளை உடையது: ஒரு கிளையில் இரட்டைப் பிணைப்பால் தொடுத்த ஒரு கார்பன், மற்றொரு கிளையில் எஸ்டர் தொகுதி. நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பின் முனையைத் தாக்கினும் ஐந்தணு வளையமே பிறக்கும். எஸ்டரின் கார்பனைத் தாக்கினும் ஐந்தணு வளையமே பிறக்கும். முன்னது 5-எண்டோ-டிரிக், பின்னது 5-எக்ஸோ-டிரிக். வளையத்தின் அளவு இரண்டிடத்தும் ஒன்றேயாதலின் அளவு பற்றிய கொள்கை எதுவும் ஈண்டு உதவாது. தனியாக நிற்கும் அமீன், இத்தகைய எஸ்டரைச் சந்திப்பின் இரட்டைப் பிணைப்பின் முனையையே விரும்பிப் பற்றும். ஆயினும் ஒரே மூலக்கூறினுள் அவ்விருப்பம் நிறைவேறவில்லை. நைட்ரஜன் எஸ்டரைத் தாக்கி லாக்டம் என்னும் வளையமாயிற்று. வேதியியல் விருப்பத்தை வடிவத்தின் தடை வென்றது என்பது இதனாற் போதரும்.

நான்முகி இலக்கிற்குரிய சான்று இவ்விதிகளுக்கும் முற்பட்டது. 1970-இல் ஆல்பர்ட் எஷன்மோசர் குழுவினர், ஒரு மூலக்கூறின் ஒரு பகுதியிலிருந்து மற்றொரு பகுதிக்கு மெத்தில் தொகுதி மாறும் வினையை ஆராய்ந்தனர். ஆறணு வட்டமாக வளைந்து உள்ளுக்குள்ளேயே அம்மாற்றம் நிகழும் என்று தாளில் எளிதாக வரையலாம். அவர்கள் இயல்பான மூலக்கூறுகளையும், கன ஹைட்ரஜனால் அடையாளமிட்ட மூலக்கூறுகளையும் கலந்து வினைப்படுத்தினர். மாற்றம் உள்ளுக்குள்ளே நிகழ்ந்திருப்பின் அடையாளம் கலவாது. ஆனால் அது கலந்திருந்தது. மெத்தில் தொகுதி தன் மூலக்கூறிலுள்ள அணுவிற்குச் செல்லாது அயல் மூலக்கூறிற்குச் சென்றமை அதனால் தெளிவாயிற்று. ஆறணு வட்டத்துள் 180 பாகை நேர்க்கோட்டினை அமைத்தல் இயலாமையே காரணம்.

வழி வேறு, ஊர் வேறு என்று முன்னர்க் கூறினோம். அதற்குச் சிறந்த சான்று 5-ஹெக்செனைல் என்னும் தனி உறுப்பு. அஃது ஆறணு வளையமாயின் பிறக்கும் பொருள் நிலைபேறு மிக்கது. ஐந்தணு வளையமாயின் நிலைபேறு குறைந்தது. ஆயினும் அறை வெப்பநிலையில் ஏறத்தாழ நூற்றுக்கு 98 பங்கு ஐந்தணு வளையமே பிறக்கின்றது. 5-எக்ஸோ வழி விரைவுடையதாகலின், நிலைபேறு மிக்க ஊர் கைவிடப்பட்டு, செல்லுதற்கு எளிய ஊர் அடையப்படுகின்றது.

6. புறனடை

நம் இலக்கண நூலார், விதிகளைக் கூறி முடித்தபின் அவற்றுள் அடங்காதனவற்றைத் தழுவுதற்குப் புறனடை கூறுதல் மரபு. பால்டுவினும் தம் விதிகளுக்கு எல்லை வகுத்தே கூறினார். தொடரின் அணுக்கள் கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் போன்ற சிறிய அணுக்களாக இருத்தல் வேண்டும் என்பது அவர் விதித்த வரையறை. கந்தகம் போன்ற பெரிய அணுவாயின் பிணைப்பு நீளும். கயிறு நீண்டமையால் 5-எண்டோ-டிரிக் வினையும் நிகழக் காணலாம். ஆக்சிஜன் மறுத்த வினையைக் கந்தகம் ஏற்பது விதிக்கு முரண் அன்று. விதியின் காரணத்தை உறுதிப்படுத்துவதே ஆகும்.

அமிலத்தின் முன்னிலையில் நிகழும் வினைகள் மற்றொரு வகை. ஒரு ஹைட்ராக்சி கீட்டோன் காரத்தில் வளையமாகாது நின்று, அமிலத்தில் வளையமாதல் உண்டு. அமிலத்திலிருந்து புரோட்டானை ஏற்ற நிலையில் இரட்டைப் பிணைப்பின் இறுக்கம் தளர்ந்து, அது ஒற்றைப் பிணைப்பு போலச் சுழலவல்லதாகின்றது. அதனால் அணுகுதற்குரிய கோணம் கிட்டுகின்றது. கீட்டோனைக் காத்தற்பொருட்டு எத்திலீன் கிளைக்காலுடன் சேர்த்து ஐந்தணு வளையமாக்கும் வினை, ஆய்வுக்கூடங்களில் நாள்தோறும் நிகழ்வது. அதன் இறுதிப் படியும் பெயரளவில் 5-எண்டோ-டிரிக் வினையே. ஆயினும் இடர்ப்பாடின்றி நிகழ்கின்றது. நேர்மின்னேற்றம் கொண்ட இடைநிலைகளில் விதியின் பிடி தளரும் என்பது இவற்றாற் பெறப்படும்.

மூன்றாம் வகை, வேண்டுமென்றே விதியைக் கடப்பது. ஹைட்ராக்சில் தொகுதி எப்பாக்சைடு என்னும் மூவணு வளையத்தைத் திறந்து புதிய வளையமாகுங்கால், அண்மையிலுள்ள கார்பனைத் தாக்கி ஐந்தணு வளையமாதலே இயல்பு. 1993-இல் ஜாண்டா, ஷெவ்லின், லெர்னர் ஆகியோர், ஓர் எதிர்ப்பொருளைத் துணையாகக் கொண்டு ஆறணு வளையமே பிறக்குமாறு செய்தனர். கடல்நீரைச் செந்நிறமாக்கும் நுண்ணுயிர்களின் நஞ்சுகளில் இத்தகைய வளையங்கள் ஏணிப்படி போல் அடுக்கப்பட்டிருக்கும். அவ்வடுக்கினைப் போன்றதொன்றை, முன்னரே அமைந்த ஓர் ஆறணு வளையத்தைச் சார்பாகக் கொண்டு, வெந்நீரிலேயே ஆக்க இயலும் என்று 2007-இல் விலோட்டியெவிச், ஜேமிசன் இருவரும் காட்டினர். லசலோசிடு என்னும் பொருளை ஆக்கும் நுண்ணுயிரில், பால்டுவின் விதிக்கு மாறான வளையத்தை உண்டாக்கும் நொதி ஒன்று செயற்படும் முறை 2012-இல் வெளியாயிற்று. வழி அரிது என்பது விதி. அரிய வழியையும் செப்பனிட்டு நடக்கவல்லது உயிர் என்பது அதன் புறனடை.

7. திருத்தம் பெற்ற பகுதி

இரண்டு திசை இலக்கு பற்றிய விதி பிற்காலத்தில் திருத்தம் பெற்றது. முப்பிணைப்பினைத் தாக்கும் அணு 60 பாகை என்னும் குறுங்கோணத்தில் வரும் எனப் பால்டுவின் கொண்டார். அதனாலேயே மூன்றும் நான்குமாகிய எண்டோ வினைகளை உகந்தன என்றும், அவற்றிற்கு இணையான எக்ஸோ வினைகளை உகவாதன என்றும் வகுத்தார். பின்னர்ச் செய்த கணக்கீடுகள், தாக்கும் அணு 90 பாகைக்கு மேற்பட்ட விரிகோணத்திலேயே வரும் என்று காட்டின. கில்மோரும் அலபுகினும் 2011-இல் இதனை விரிவாக ஆராய்ந்து, முப்பிணைப்பிலும் எக்ஸோ வழியே பொதுவில் எளிது என்று முடிவுகட்டினர். நான்முகி, மூன்று திசை ஆகிய இரண்டிற்கும் உரிய விதிகளோ பெரும்பாலும் தாம் வகுக்கப்பெற்றவாறே நிற்கின்றன. அணுகு கோணம் முடிவு செய்யும் என்னும் அடிப்படை மாறவில்லை. ஒரு கோணத்தின் அளவே மாறிற்று. அடிப்படையை வெளிப்படக் கூறிய விதியாதலின், பிழை எங்குள்ளது என்பதனையும் அதுவே காட்டிக்கொடுத்தது.

8. தமிழிற் கூறும் முறை

இனிச் சொற்களை நோக்குவோம். எக்ஸோ, எண்டோ என்பவற்றிற்குப் புறம், அகம் என்னும் சொற்கள் நம்மிடம் ஆயத்தமாக உள்ளன. டெட், டிரிக், டிக் என்பவற்றை நாற்றிசை, முத்திசை, இருதிசை எனலாம். பிணைப்பு நிற்கும் திசைகளின் எண்ணிக்கையே ஈண்டுப் பொருளாதலின் இவை பொருந்தும். அவ்வாறு கொள்ளின் 5-எண்டோ-டிரிக் என்பது ‘5-அக-முத்திசை’ என்றாகும். கேட்ட அளவில் பொருள் புலப்படுதல் இதன் பயன். ஆய்வுக் கட்டுரைகளில் உலக வழக்கினை ஒட்டி ஒலிபெயர்ப்பினை வைத்துக்கொண்டு, பாடநூல்களில் இத்தமிழ்ப் பெயர்களை உடன் வழங்குதல் தகும் என்பது எம் கருத்து.

ஆயின் இவற்றினும் இன்றியமையாதன வேறு இரு சொற்கள். விதிகளில் ஒரு வினை உகந்தது என்றோ உகவாதது என்றோ கூறப்படுகின்றது. அவ்விடத்து ‘நிகழும்’, ‘நிகழாது’ என எழுதுவது பிழை. ‘விதிக்கப்பட்டது’, ‘விலக்கப்பட்டது’ என்பதும் பிழையே. பால்டுவின் எதனையும் விலக்கவில்லை. உகவாத வழியினும் உகந்த வழி எளிது. வேறு வழி யாதும் இல்லையாயின், தக்க சூழலில் உகவாத வழியும் நடைபெறலாம் என்பதே அவர் கருத்து. ‘நிகழாது’ என்று கற்ற மாணாக்கன், வெந்நீரில் பிறந்த ஆறணு வளையத்தைக் கண்டு விதி பொய்த்தது என்று கருதுவான். அல்லது அவ்வாறு ஒன்றை முயலவே துணியான். இரண்டும் கேடு.

விதியின் வலிமையை அளந்து கூறும் சொற்கள் தமிழுக்குப் புதியன அல்ல. ஒருதலை என்றும், உறழ்ச்சி என்றும், பெரும்பான்மை சிறுபான்மை என்றும் நம் இலக்கண ஆசிரியரும் உரையாசிரியரும் நுண்ணிதின் வேறுபடுத்திக் கூறியுள்ளனர். பால்டுவின் விதிகள் ஒருதலையானவை அல்ல. பெரும்பான்மை பற்றி எழுந்தவை. இவ்வொரு குறிப்பினைப் பாடநூலாசிரியர் விதிகளின் தலைப்பிலேயே சேர்ப்பின் பல மயக்கங்கள் நீங்கும்.

முடிவுரை

1938-இல் இலண்டனிற் பிறந்த பால்டுவின், 1978 முதல் ஆக்ஸ்ஃபோர்டுப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக விளங்கி, 2020-இல் மறைந்தார். பென்சிலின் உயிர்களிற் பிறக்கும் முறையை ஆராய்ந்தமை அவர்தம் வாழ்நாட் பணியுள் பெரியது. எனினும் கற்போர் நாவில் அவர் பெயரை நிறுத்தியது மூன்று பக்க விதித்தொகுப்பே. பிறக்கும் வளையத்தின் நிலைபேற்றினை விடுத்து, அதனை அடையும் வழியின் கோணத்தினை அவர் நோக்கினார். அதனால் பல வினைகளின் போக்கு முன்னரே கூறத்தக்கதாயிற்று. அவ்விதிகளைத் தமிழில் எழுதுவோர் அவற்றின் பொருளோடு அளவினையும் காத்து எழுதுவாராக. ‘உகவாதது’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘நிகழாது’ என்று எழுதாமை, இத்துறையில் தமிழாசிரியர் செய்யத்தக்க சிறு பணி. ஆயினும் வேதியியல் கற்கும் மாணாக்கர்க்கு அது பெரும்பயன் விளைப்பது.